இரண்டு பல் நகர்ந்த நட்டு

சர்வேயர் வண்டியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு இறங்கினார். புதிதாகப் போட்டிருந்த பெரிய டயர்களோடு அது ஷெட்டுக்குள் நுழைந்தால் கூரை ஷட்டரில் இடிக்கும். கியர்காரர் கையைத் துடைத்துக்கொண்டே எதிரே போனார். இருபத்திரண்டு வருடமாக அந்தத் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். சர்வேயர் அவருக்கு ஒரு தலையசைப்பைக் கொடுத்துவிட்டு, அவருடைய தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மேடம் இருக்காங்களா?"

"இருக்காங்க. என்ன விஷயம், என்கிட்ட சொல்லுங்க."

"டயர் மாத்துனதுல இருந்து வண்டிக்கு உயிரே இல்ல சார். மேட்டுல ரெண்டாவது கியர்லயே மூச்சு வாங்குது. அஞ்சாவது கியர்னு ஒண்ணு இருக்கிறதையே மறந்துட்டேன். அடுத்த வாரம் மலைமேல அளவெடுக்கப் போகணும், நாலு பேரு, ஏகப்பட்ட சாமான். அச்சுக்குள்ள பல்லு மாத்தணும்னு சொன்னாங்க. அதான், மேடம் பண்ணுவாங்கன்னு..."

வியாதி சர்வேயருக்கே தெரிந்திருந்தது. டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடும். அதைச் சுற்றிவிட இன்ஜின் திணறும். இழந்த பலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் அச்சுக்குள் இருக்கும் இரண்டு பல்சக்கரங்களை மாற்ற வேண்டும். சின்னது பினியன், அது சுற்றிவிடும் பெரியது கிரவுன். சர்வேயரின் வண்டியில் பினியனுக்குப் பதினொரு பல், கிரவுனுக்கு நாற்பத்தொன்று. அதைக் கழற்றிவிட்டு எட்டுக்கு முப்பத்தொன்பது போட்டால் வண்டி பழைய நடைக்கு வரும். முன்னச்சு, பின்னச்சு இரண்டிலும் ஒரே கணக்கு இருக்க வேண்டும். சாமானை வாங்கிக் கோர்ப்பது யாராலும் முடியும். இரண்டு சக்கரங்களும் எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு இடைவெளியில் உட்கார வேண்டும் என்பதில்தான் வேலையே இருக்கிறது. தலைமுடிப் பருமன் பிசகினால் வண்டி ஊளையிடும். அதற்கு மேல் பிசகினால் பல் உதிரும்.

இதை எல்லாம் அவர் தன் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்து மூன்று வருடம் ஆகிறது.

அவள் பதினொரு வருடம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து உட்கார்ந்திருந்தவள். ஒருநாள் இரண்டு பேருடைய கண்ணாடித் தகடுகள் அவள் கையில் மாறிப்போய், ஒருவருடைய ரிப்போர்ட் தப்பாகப் போய்விட்டது. டாக்டர் சந்தேகப்பட்டு மறுபடி எடுக்கச் சொன்னதால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அவளால் அதற்குப் பிறகு எந்தத் தகட்டையும் நம்ப முடியவில்லை. ஒன்றையே நான்கு தடவை பார்த்தாள். கடைசியில் வேலையை விட்டாள். "ஒரு தடவை பிசகினதுக்குக் கையை வெட்டிக்கவா முடியும்? ஷெட்டுக்கு வா. போன் எடுத்துப் பேசு, போதும்," என்று கூட்டிக்கொண்டு வந்தது அவர்தான்.

வந்த நான்காவது மாதம் ஓர் அச்சு அவரைப் படாதபாடு படுத்தியது. மூன்று தடவை பிரித்துச் சேர்த்தும் ஊளை நிற்கவில்லை. கிரவுனின் பற்களில் மஞ்சள் பசையைத் தடவிச் சுற்றினால் பினியன் உரசிய இடம் தடமாகத் தெரியும். பல்லின் நடுவில் தடம் விழ வேண்டும். அவர் நடுவில்தான் இருக்கிறது என்றார். டீ கொண்டுவந்து வைத்தவள் குனிந்து பார்த்துவிட்டு, "நடுவுல இல்லைங்க. உள்பக்கமா சாஞ்சிருக்கு, ஓரம் மங்கலா இருக்கு பாருங்க," என்றாள். அவருக்குத் தெரியவில்லை. சொன்னபடி பினியனுக்கு அடியில் இருந்த மெல்லிய தகட்டை மாற்றிப் போட்டார். ஊளை நின்றது.

அன்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து ஷெட் பெயிண்டரிடம் போய், "என் பொண்டாட்டிக்கு எக்ஸ்ரே கண்ணுப்பா," என்று சொன்னார். அந்தப் பெருமை எப்போது புளித்தது என்று அவருக்கே தெரியாது. ஒரு டிராவல்ஸ்காரர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு அவரிடம் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு போன அன்றாக இருக்கலாம். அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் உறுத்தியது. போனில் எத்தனை பேர் தன்னைக் கேட்கிறார்கள், எத்தனை பேர் அவளைக் கேட்கிறார்கள் என்று மனதுக்குள் எண்ண ஆரம்பித்தார். "சத்தமே இல்ல, மேடம்கிட்ட சொல்லிடுங்க," என்று யாராவது சொன்னால் சரி சரி என்று வைத்துவிடுவார். அவளிடம் சொல்ல மாட்டார். அவள் உட்காரும் ஸ்டூலைத் தேவையில்லாமல் தள்ளி வைப்பார். அவள் எதையும் கவனிக்கவில்லை. அதுவும் அவரை எரிச்சலூட்டியது.

பெயிண்டர் வேறு அவ்வப்போது வந்து எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவான். "ஏம்ப்பா, போர்டுல கியர்காரர்னு இருக்கிறதை கியர்காரம்மான்னு மாத்திடலாமா? ரெண்டு எழுத்துதான், பெயிண்ட் என் பொறுப்பு." அவர் சிரிப்பார். வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்பார்.

இப்போது சர்வேயரும் மேடத்தைத்தான் கேட்கிறார். அவள் உள்ளிருந்து வந்தாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, டயரைத் தொட்டுப் பார்த்தாள்.

"முன்னாடி பின்னாடி ரெண்டுமே நீங்கதான் செட் பண்ணணும் மேடம். எங்க ஆபீஸ்ல எல்லாரும் அதான் சொல்லி அனுப்பினாங்க."

"இவர்தான் சார் எனக்குக் கத்துக்கொடுத்ததே," என்றாள் அவள். "முன்னச்சு இவர் பாக்கட்டும். பின்னச்சு நான் பாக்கிறேன். சீக்கிரம் முடியும்."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். அவருக்கு யாரோ தட்டில் மிச்சத்தை எடுத்து வைத்ததுபோல் இருந்தது.

திங்கட்கிழமை இரண்டு அச்சுகளையும் பிரித்தார்கள். ஒரே மேஜையின் இரண்டு முனைகள். அவர் முன்னச்சுக்குப் பினியனைக் கோர்த்து, பசை தடவிச் சுற்றிப் பார்த்தார். தடம் பல்லின் உச்சியில் விழுந்தது. தகடு மாற்றினார். அடியில் விழுந்தது. பேரிங்கை மறுபடி பிரஸ்ஸில் வைத்துக் கழற்றினார். இப்படி நான்கு தடவை. செவ்வாய்க்கிழமை காலையில் ஒருவழியாக நடுவுக்கு வந்ததுபோல் இருந்தது. போதும் என்று விட்டார். மறுமுனையில் அவள் இரண்டே தடவையில் முடித்திருந்தாள். தடம் ஒவ்வொரு பல்லிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில், நகம் பதித்ததுபோல் இருந்தது. டயல் கேஜை வைத்துப் பற்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்தாள். பதினைந்து கோடு. நோட்டில் எழுதினாள். பெயிண்டர் வந்து அவள் அச்சின் தடத்தைப் போனில் படம் பிடித்தான். முன்னச்சைப் படம் பிடிக்க அவனுக்குத் தோன்றவில்லை.

மதியம் அவள் ஆயில் சீல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். போய்வர முக்கால் மணி நேரம் ஆகும்.

கியர்காரர் பின்னச்சின் முன்னால் வந்து நின்றார். கிரவுனைத் தாங்கும் பேரிங்குகளுக்கு வெளிப்பக்கம், இடதும் வலதுமாக இரண்டு பெரிய வட்ட நட்டுகள். விளிம்பில் பல் பல்லாக வெட்டியிருக்கும். ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கினால் கிரவுன் பினியன் பக்கம் நகரும். அவர் தெருவை ஒருமுறை பார்த்தார். பேரிங்கைப் பிடித்திருக்கும் மூடியின் போல்ட்டைத் தளர்த்தினார். நட்டு நகராமல் பிடிக்கும் பூட்டுத் தகட்டை எடுத்தார். இந்தப் பக்கம் இரண்டு பல், அந்தப் பக்கம் இரண்டு பல். பூட்டுத் தகட்டை மாட்டி, போல்ட்டுகளை மறுபடி இறுக்கினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெறும் ஊளைதான் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஓட்டிப் பார்க்கும்போதே சர்வேயருக்குக் கேட்கும். பின்னாலிருந்து கேட்கும். மேடம் செய்தது என்று தெரியும். அப்புறம் நானே பிரித்துச் சரிபண்ணிக் கொடுப்பேன். யாருக்கும் ஒன்றும் ஆகப் போவதில்லை.

ஆனால் அவள் பரிசோதனைக் கூடத்துப் பழக்கத்தை விடாதவள். எதையும் மூடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்ப்பாள். திரும்பி வந்ததும் வாங்கிய ஆயில் சீலைக் கீழே வைத்துவிட்டு டயல் கேஜை மாட்டினாள். முள் ஐந்தில் நின்றது.

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கேஜைக் கழற்றி மறுபடி மாட்டினாள். ஐந்து. கிரவுனைக் கொஞ்சம் சுற்றி வேறு பல்லில் வைத்தாள். ஐந்து. நோட்டைப் புரட்டினாள். அவள் கையெழுத்தில் பதினைந்து என்று இருந்தது.

"ஏங்க, இங்க வாங்களேன்."

அவர் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"நான் பதினஞ்சு வச்சேன். எழுதியிருக்கேன். இப்ப அஞ்சு காட்டுது."

"நட்டு லேசா நகர்ந்திருக்கும்."

"பூட்டுப் போட்ட நட்டு எப்படிங்க நகரும்?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. தன் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதே அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். விளையாட்டுக்கு என்று சொல்லிச் சமாளித்திருக்கக்கூட முடியும்.

"அஞ்சைப் பாத்துட்டுப் பதினஞ்சுன்னு எழுதியிருக்கேன்," என்றாள் அவள் மெதுவாக. "அங்க பண்ணினதையே இங்கயும் பண்ணியிருக்கேன். நாலு பேரு மலைமேல போற வண்டி." கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "நீங்களே செட் பண்ணிடுங்க. இனிமே என்கிட்ட எதையும் கொடுக்காதீங்க."

"ஒரு தடவைதானம்மா..."

"ரெண்டாவது தடவைங்க."

சர்வேயருக்கு அவளே போன் பண்ணினாள். "சார், ரெண்டு அச்சையும் அவரே பாத்துட்டார். நாளைக்கு வந்து எடுத்துக்கோங்க." குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அவர் நட்டுகளை இரண்டு பல் திருப்பிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். முள் பதினைந்தில் நின்றது.

மறுநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த சரளை மேட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி பெரிய டயர்களோடு பூனைபோல ஏறியது. நான்கு சக்கரமும் இழுக்கும்போது முன்பக்கம் மட்டும் மெல்லிய விசில் ஒன்று கேட்டது.

"முன்னாடி லேசா ஏதோ பாடுது, பரவால்ல," என்றார் சர்வேயர். "ஆனா பின்னச்சு இருக்கே சார், சத்தமே கேக்கல. மேடம் பண்ணினா இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். இது நிஜமா நீங்க பண்ணினதா?"

இந்த நேரத்திலும் அவருக்கு அது உறுத்தியது. அவள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், ஷெட்டுக்கே வரவில்லை, இங்கேயும் அவள் கைதான் ஜெயிக்கிறது.

"நான்தான்," என்றார்.

"அப்ப உங்களை நான்தான் குறைச்சு எடை போட்டுட்டேன்," என்று சர்வேயர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்று வருடமாக அவர் ஏங்கிய குலுக்கல். கையை எப்போது விடுவார் என்று இருந்தது.

வீட்டில் அவள் சும்மா இருக்கவில்லை. கண் டாக்டரிடம் தனியாகப் போய்வந்தாள். "கண்ணுல ஒண்ணும் இல்லையாம். நம்பரே மாறலையாம்," என்றாள். கண்ணில் கோளாறு இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாள் போலிருந்தது. அடுத்த நாள் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்னக் காகிதம் ஒட்டியிருந்தது. அதில் நேரம் போட்டு, 'அணைத்தேன்' என்று எழுதியிருந்தாள். கீழே இன்னொரு நேரம். அதற்கும் கீழே இன்னொன்று. கதவைப் பூட்டிவிட்டு நான்கு படி இறங்கியவள் திரும்பி ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

"காலையில நான் மாத்திரை போட்டேனா? நீங்க பாத்தீங்களா?"

"போட்டியே."

"அப்பாவுக்கும் இப்படித்தாங்க ஆரம்பிச்சுது. மொதல்ல ஒரு நம்பரைத் தப்பா எழுதினார். அப்புறம் வீட்டுக்கு வர்ற வழி."

அவர் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

திங்கட்கிழமை அவளை நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் மூளையின் படம். வரவேற்பில் இருந்த பெண் ஒரு படிவத்தை அட்டையில் செருகிக் கொடுத்தாள். அவள் மடியில் வைத்து எழுதினாள். பரிசோதனைக் கூடத்துக் கையெழுத்து, அச்சுப்போல. பெயர், வயது, தந்தைக்கு இருந்த நோய். 'மறதியை முதலில் கவனித்த சம்பவம்' என்ற இடத்தில், 'டயல் கேஜில் 5 காட்டியதை 15 என்று எழுதினேன்' என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினாள்.

"தேதி கேட்டிருக்காங்க. செவ்வாய்க்கிழமைதானே அது?"

அவர் படிவத்தைப் பார்த்தார். அந்த வரியை மறுபடியும் படித்தார்.

"அது மறதி இல்லம்மா."

"பின்ன என்ன?"

"நீ பதினஞ்சுதான் வச்சிருந்த. நீ சீல் வாங்கப் போனப்ப நான்தான் நட்டைத் திருப்பினேன்."

அவள் பேனா மூடியைத் திருகிப் போட்டாள்.

"எத்தனை பல்லு?"

"ரெண்டு."

"ஒரு பல்லுக்கு அஞ்சு கோடு," என்றாள் அவள், கணக்கைச் சரிபார்ப்பதுபோல். "சரியாத்தான் இருக்கு." அவள் தோள்கள் தளர்ந்தன, ஒரு நிமிடம் முகம் சின்னப்பெண்ணுடையதுபோலத் தெளிந்தது. தன் தலைக்குள் எதுவும் கெடவில்லை என்பது மட்டும்தான் அப்போது அவளுக்குப் புரிந்திருந்தது. மற்றது கொஞ்சம் பிந்தி வந்தது. "நான் கண்ணாடியைத் துடைச்சப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க."

"ஆமா."

"அடுப்புக்கிட்ட காகிதம் ஒட்டினப்ப?"

"பாத்தேன்."

"ஏங்க?"

"எல்லாரும் உன்னையே கேக்கிறாங்க," என்றார் அவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்லும்போது அது ரொம்பச் சின்னக் காரணமாக இருந்தது.

அவள் படிவத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். வரவேற்புப் பெண்ணிடம் போய், "எங்களுக்கு டாக்டரைப் பாக்க வேண்டாம்மா," என்று சொல்லி அட்டையைக் கொடுத்தாள். வெளியே வந்து அவர் பைக்கில் ஏறாமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

ஒன்பது நாள் அவள் ஷெட்டுப் பக்கம் வரவில்லை. சாப்பாடு மேஜையில் இருக்கும். கேட்டதற்குப் பதில் வரும். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அடுப்புக்குப் பக்கத்துக் காகிதத்தை மட்டும் கிழித்துப் போட்டிருந்தாள். ஷெட்டில், "கியர்காரம்மா எங்கப்பா, தாய்வீடா?" என்று கேட்ட பெயிண்டரிடம் அவர் நடந்ததைச் சொன்னார். பெயிண்டர் சிரிக்கவில்லை. தான் அடித்த ஜோக் எல்லாம் ஞாபகம் வந்ததோ என்னவோ, எதையோ தேடுவதுபோல் தன் ஷெட்டுக்குப் போய்விட்டான்.

பத்தாம் நாள் சர்வேயர் மலையிலிருந்து இறங்கிப் போன் பண்ணினார். முன்னச்சின் விசில் அதிகமாகியிருக்கிறதாம்.

"சார், ஒண்ணு சொல்லணும்," என்றார் கியர்காரர். "உங்க பின்னச்சு அவங்க செட் பண்ணினது. நான் பண்ணினேன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். அது மட்டும் இல்ல, நடுவுல அதைக் கலைச்சும் விட்டேன். அப்புறம் அவங்க வச்ச இடத்துலயே திருப்பி வச்சேன். பாடுறது நான் பண்ணின முன்னச்சு."

அந்தப் பக்கம் இன்ஜினை அணைக்கும் சத்தம் கேட்டது.

"எதுக்கு சார் கலைச்சீங்க?"

"பொறாமை."

"நாளைக்குக் கொண்டு வர்றேன்," என்றார் சர்வேயர். "மேடம் வந்தா மட்டும் பிரிங்க. இல்லேன்னா தொடாதீங்க."

அதையும் அப்படியே அவளிடம் போய்ச் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை அவருக்கு முன்பே ஷெட்டில் இருந்தாள்.

முன்னச்சைப் பிரித்து, பசை தடவிச் சுற்றினாள். "ஆழம் போதல. அதான் ஓரத்துலயே உரசியிருக்கு," என்றாள். அவர் பேரிங்கைப் பிரஸ்ஸில் வைத்துக் கழற்றிக் கொடுத்தார். கேட்ட தகட்டை எடுத்துக் கொடுத்தார். இரண்டு மணிக்கு இரண்டாவது தடவையாகச் சுற்றியபோது தடம் வரிசையாக நடுவில் வந்து உட்கார்ந்தது. தான் ஒன்றரை நாள் போராடிய அதே சக்கரங்கள். அவருக்கு அந்தப் பழைய எரிச்சல் மறுபடி வந்தது. சொல்லிவிட்டதால் போய்விடும் என்று நினைத்திருந்தார். போகவில்லை.

"எனக்கு இப்பவும் எரியுது," என்றார்.

"தெரியும்," என்றாள் அவள் நிமிராமல். "அந்த வேஸ்ட் துணியை எடுங்க."

நட்டுகளையும் மூடியையும் பளபளவென்று துடைத்தாள். பிறகு பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். சிவப்புப் பெயிண்ட். மெல்லிய தூரிகையால் நட்டின் மேல் தொடங்கி மூடிவரை ஒரே கோடாக இழுத்தாள். அந்தப் பக்கத்து நட்டுக்கும் அதேபோல். நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மாலையில் வந்த சர்வேயர் குனிந்து பார்த்தார். "இது என்ன மேடம், புதுசா இருக்கு? உங்க கையெழுத்தா?"

"நட்டு நகர்ந்தா தெரியணும் சார், அதுக்கு."

சர்வேயர் கியர்காரரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர் கொஞ்சம் சிரமப்பட்டது தெரிந்தது.

அதற்குப் பிறகு அவள் செட் பண்ணிய ஒவ்வொரு அச்சிலும் அந்தக் கோடு இருந்தது. ஷெட்டில் இரண்டு பேரும் முன்போலப் பேசிக்கொள்ள நாலைந்து மாதம் ஆனது. முழுக்க முன்போல என்று சொல்ல முடியாது. கோட்டின் காரணம் தெரியாதவர்கள் அதை ஒரு முத்திரை என்று எடுத்துக்கொண்டார்கள். சிவப்புக் கோடு போட்ட வேலைதான் வேண்டும் என்று வெளியூரிலிருந்தெல்லாம் வண்டி வர ஆரம்பித்தது. கியர்காரர் அச்சுகளை இறக்கிக் கொடுத்தார், பிரித்துக் கொடுத்தார், ஏற்றி மாட்டினார். ஒவ்வொரு தடவையும் மூடுவதற்கு முன் அந்தக் கோடு அவர் கண்ணெதிரில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் அச்சின் இரும்புக் கூடான ஹவுசிங்கை வைத்துப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினார்.